ஐந்து நெறிகளும் ஒரு குடும்பமும்

நூலகத் துறையில் பயின்றோர் எந்நாட்டவராயினும் சீர்காழி அரங்கநாதனாரின் பெயரை அறிவர். கணக்காசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நெறிகள் இன்றும் அத்துறையின் அடிப்படையாகப் போற்றப்படுகின்றன. அவற்றைப் பினாங்கில் இருந்துகொண்டு படிக்கும் தமிழாசிரியர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அந்த ஐயத்தையே ஈண்டு ஆராய்கின்றோம்.

நூலைப் பூட்டிக் காப்பது நூலகமன்று என்பது முதல் நெறியின் கருத்து. படிக்க வந்தவர் எவராயினும் அவர்க்கு உரியதைத் தர வேண்டும் என்கிறது இரண்டாவது. அடுக்கில் கிடக்கும் நூலுக்கும் ஆளைத் தேடித் தர வேண்டும் என்கிறது மூன்றாவது. நான்காவது வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது. நூலகம் வளரும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது. சொல்லுக்கு எளியவை; செயலுக்கு அரியவை.

நம் ஊரையே எடுத்துக் கொள்வோம். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியது. மறு ஆண்டே, 1817இல், ஜார்ஜ் டவுனில் நூலகம் தோன்றியது. ஓராண்டு இடைவெளிதான், எனினும் அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாத அயல் வீடுகளாகவே இருந்தன. அந்நூலகம் சந்தா செலுத்துவோர்க்கு உரியது. பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஐரோப்பியர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்க்கு அது ஒரு கட்டடம், அவ்வளவே. மாநிலப் பொது நூலகக் கழகம் 1973இல் அமைந்தது. முதல் நெறி இவ்வூரில் சட்ட வடிவம் பெறுதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

இடைக்காலத்தில் நம்மவர் வாளா இருந்தனரல்லர். சங்கங்களின் படிப்பகங்களில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். தமிழகத்தில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931இல் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் செல்லப்பா என்பார் தம் இல்லத்தில் தொடங்கிய முயற்சி, 1934இல் ஒரு வாடகை அறைக்கு வந்து, பின்னர் நகரின் நூலகமாயிற்று. அதற்கெனக் கட்டிய மாளிகை 1959இல் திறக்கப்பெற்றது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓர் ஊரார்க்கு நூலகம் எத்தகைய உடைமை என்பதை அதனை இழந்தோரிடமே கேட்டறிதல் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1948இல் இயற்றிய சட்டம் வீட்டு வரியோடு நூலகத்திற்கும் ஒரு பங்கு செலுத்தச் செய்தது. அரங்கநாதனாரின் நெடுநாள் வேண்டுகோளின் பயன் அது. நூலகம் கொடையாளியின் அருளை நம்பி நில்லாமல், குடும்பந்தோறும் உரிமை கொண்டாடும் பொருளாயிற்று.

இனி நம் ஐயத்திற்கு வருவோம். அந்நெறிகள் வாசகரை ஒருமையில் வைத்தே பேசுகின்றன. நோயாளியையும் கண்பார்வையற்றோரையும் சிறையில் இருப்போரையும்கூட அரங்கநாதனார் மறந்தாரல்லர். அப்பரந்த உள்ளத்தைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் பினாங்கில் நூலகத்திற்கு வருவது பெரும்பாலும் ஒரு குடும்பம். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். தந்தை ஆங்கிலத்தில் படிப்பார். பேரனுக்குப் பள்ளிப் பாடம் மலாயில். மூவரும் தனித்தனியே தத்தம் நூலைப் பெற்றுச் சென்றால் இரண்டாம் நெறி முற்றும் நிறைவேறியது. ஆனால் பாட்டியின் நூல் பேரன் கைக்கு வரவில்லை. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

இதனை மிகையென்று தள்ள வேண்டா. நம் மாநிலத்தின் 28 தமிழ்ப் பள்ளிகளும் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. அதன் பின் இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே; பலர்க்கு அதுவும் இல்லை. பன்னிரண்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேர்ந்த பிள்ளை, அறுபது வயதிலும் தமிழ் நூலைப் பிரிப்பானா என்பது பள்ளிக்கு வெளியேதான் முடிவாகிறது. அப்போது அவனுக்கு ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை. அடுக்கில் ஒரு நூல் இருந்தால் உண்டு.

இங்கேதான் ஐந்தாம் நெறி நமக்கு எதிராகத் திரும்புகிறது. வளரும் உயிர் பழைய இலைகளை உதிர்க்கும். இடம் நெருங்கும்போது, எவரும் இரவல் பெறாத நூலை அடுக்கிலிருந்து நீக்குவது நூலகங்களின் வழக்கம். அதில் பகையொன்றும் இல்லை. ஒரு நூலகத்தில் யாம் எடுத்துப் பார்த்த தமிழ்க் கதை நூலொன்றில், பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய தேதித்தாள் ஒரு முத்திரையும் பெறாது வெள்ளையாகவே கிடந்தது. நல்ல நூல்; அச்சும் நன்று. நூலகரை நொந்து பயனில்லை. அதனை வாங்கி வைத்த அளவில் அவர் கடமை பாதி முடிந்தது. எஞ்சிய பாதியாகிய மூன்றாம் நெறியை நிறைவேற்ற வேண்டுபவர், அந்நூல் இன்ன வயதுப் பிள்ளைக்கு இனிக்கும் என்று அறிந்தவர். அவ்வறிவு தமிழாசிரியரிடமே உளது.

கட்டுரைப் பயிற்சிக்கு நூற்பெயர்களைப் பலகையில் எழுதிப் போடுவதோடு நில்லாமல், ஐந்தாம் ஆண்டு மாணவரைப் பள்ளி விடுமுறைக்கு முன் ஒருநாள், இயன்றால் வீட்டுப் பெரியோர் ஒருவரோடு, நூலகத்திற்கு அழைத்துச் செல்லலாம். அன்று அந்த வெள்ளைத் தாளில் முதல் முத்திரை விழும்.