கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

போன வருடம் சென்னையிலிருந்து தில்லிக்குக் காலை விமானத்தில் போனேன். நடு இருக்கை. இரண்டு பக்கமும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண்கள். பையை மேலே வைக்க நான் திணறியபோது நடைபாதை ஓரத்தில் இருந்தவர் எழுந்து, "குடுங்க மேடம்" என்று வாங்கி வைத்தார். நான் உள்ளே போக நன்றாகவே ஒதுங்கி வழிவிட்டார். உட்கார்ந்ததும் இரண்டு பக்கக் கைப்பிடிகளும் போய்விட்டன. இந்தப் பக்கம் அவர் முழங்கை, அந்தப் பக்கம் இன்னொருவர் முழங்கை. ஜன்னலோரத்துக்காரரின் முட்டி என் முட்டி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அதே மனிதர் பையை எடுத்துக் கொடுத்தார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன்.

அந்த நன்றியில் பொய் இல்லை. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் பையைத் தூக்கித் தருவது அவராக விரும்பிச் செய்யும் உதவி. செய்ததும் பெருந்தன்மை அவருக்குச் சேர்கிறது. கைப்பிடி எனக்கும் உரியது என்று ஒப்புக்கொண்டால் அங்கே அவர் கொடுக்க எதுவுமில்லை, கையை எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். விமானப் பயண நாகரிகம் பற்றிய குறிப்புகளில் தவறாமல் ஒரு விதி வரும்: நடு இருக்கையில் இருப்பவருக்கே இரண்டு கைப்பிடிகளும். படிக்க நன்றாக இருக்கிறது. "சார், கையை எடுங்க" என்று ஒரு பெண் சொன்னால் சுற்றியுள்ள நாலு தலைகள் அவள் பக்கம் எப்படித் திரும்பும் என்பதை அந்தக் குறிப்புகள் எழுதுவதில்லை.

சிக்கன வகுப்பு இருக்கையின் அகலம் 17 அல்லது 18 அங்குலம். மலிவுக் கட்டண விமானங்களில் ஓர் இருக்கைக்கும் அடுத்த வரிசை இருக்கைக்கும் நடுவே 28, 29 அங்குலம்தான். இதற்குமேல் வரிசைகளைச் சேர்க்க முடியாது என்கிற அளவுக்குச் சேர்த்துவிட்டு, மிச்சத்தைப் பயணிகளின் 'பண்பாட்டிடம்' விட்டுவிடுகிறார்கள். 2014இல் அமெரிக்காவில் ஒருவர் முன்னிருக்கை சாயாதபடி தடுக்கும் சின்னக் கருவியை மாட்டிவைத்தார். முன்னிருக்கைப் பெண் அவர்மேல் தண்ணீரை ஊற்றினார். விமானமே சிகாகோவில் இறக்கப்பட்டது. 2020இல் இன்னொரு விமானத்தில், கடைசி வரிசையில் இருந்த ஆண், முன்னால் சாய்ந்திருந்த பெண்ணின் இருக்கையை முதுகுப்புறத்தில் குத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் எடுத்த காணொளி உலகம் சுற்றியது. அதைப் பற்றிக் கேட்டபோது ஒரு பெரிய விமான நிறுவனத்தின் தலைவர், சாய்வதற்குமுன் பின்னால் இருப்பவரைக் கேட்டுக்கொள்வதே முறை என்றார். வரிசைகளை நெருக்கியவர்களுக்கும் ஏதாவது முறை உண்டா என்பது பேச்சில் வரவில்லை.

இந்தப் பற்றாக்குறையை யார் உடம்பிலிருந்து ஈடுகட்டுகிறோம் என்பதுதான் என் கேள்வி. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்ற வாக்கியம் விமானத்தில் யாரைத் தேடி வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். குடும்பமாக வந்திருக்கிறோம், இடம் மாறி உட்கார முடியுமா என்று கேட்பவர்கள், மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கும் ஆணைத் தாண்டி, தனியாக வந்த பெண்ணிடம் வருகிறார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டில் பழக்கிவைத்திருக்கிறோம்.

இஸ்ரேலில் ரெனீ ரபினோவிட்ஸ் என்ற பாட்டி இதை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். 80 வயதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். 2015 டிசம்பரில் எல் அல் விமானத்தில், பெண் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்ற ஒரு மதப்பற்றாளருக்காக, ஊழியர் இவரை வேறு இருக்கைக்கு மாறச் சொன்னார். அதட்டவில்லை. இதைவிட நல்ல இருக்கை தருகிறேன் என்று இனிமையாகவே சொன்னார். பாட்டியும் மாறி உட்கார்ந்தார், பிறகுதான் பொறுக்கவில்லை. 2017 ஜூனில் ஜெருசலேம் நீதிமன்றம், ஆண் பயணி கேட்டார் என்பதற்காகப் பெண்ணை இடம் மாறச் சொல்வது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. எனக்கு இந்த வழக்கில் பிடித்தது, இனிமையாகக் கேட்டார்கள் என்பதை அவர் ஒரு சமாதானமாக ஏற்காததுதான்.

நம் நாட்டில் 2017 டிசம்பரில் தில்லி–மும்பை விமானத்தில் 17 வயது இந்தி நடிகை ஒருவர், பின்னிருக்கைக்காரர் தன் இருக்கையின் கைப்பிடியில் காலை வைத்துத் தன் முதுகிலும் கழுத்திலும் தேய்த்தார் என்று அழுதபடி காணொளி வெளியிட்டார். தூக்கத்தில் கால் பட்டிருக்கும், அப்போதே ஏன் கத்தவில்லை, விளம்பரத்துக்காகச் சொல்கிறாள் என்றெல்லாம் பேசினார்கள். ஒரு பெண்ணின் இருக்கைக் கைப்பிடியில் பின்னால் இருப்பவரின் கால் எதற்கு வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. 2020இல் போக்சோ நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது.

2022 நவம்பரில் நியூயார்க்–தில்லி ஏர் இந்தியா விமானத்தில் ஓர் ஆண் தன்மேல் சிறுநீர் கழித்தார் என்று புகார் செய்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெண். அவர் முகத்தையே பார்க்க விரும்பவில்லை என்று சொல்லியும் ஊழியர்கள் அவரைக் கூட்டிவந்து எதிரே நிறுத்தினார்களாம். மனைவியும் குழந்தையும் பாதிக்கப்படுவார்கள், புகார் வேண்டாம் என்று அவர் அழுதாராம். இருவருக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் காவல்துறையை அழைக்கவில்லை என்றது நிறுவனம். நம் குடும்பங்களில் எத்தனை கூடங்களில் இந்தக் காட்சி நடந்திருக்கும்! மன்னிப்புக் கேட்டுவிட்டான், பெரிய மனசு பண்ணு என்று. 2023 ஜனவரியில் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2017 விதிகள் அத்துமீறலை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றன. தள்ளுவது, உதைப்பது, அடிப்பது எல்லாம் இரண்டாம் நிலை, ஆறு மாதம் வரை பறக்கத் தடை. தகாத விதத்தில் தொடுவதும் பாலியல் சீண்டலும் அதே பட்டியலில், அதே வரியில் இருக்கின்றன.

இதற்கெல்லாம் தீர்வாகத் தரப்படுவது தனி வரிசை. 2017 ஜனவரியில் ஏர் இந்தியா, உள்நாட்டு விமானங்களில் தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு மூன்றாம் வரிசையில் ஆறு இருக்கைகளை ஒதுக்கியது. 2024இல் இண்டிகோ, எந்தெந்த இருக்கைகளில் பெண்கள் இருக்கிறார்கள் என்று பெண் பயணிகள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. நம் பேருந்துகளில் 'பெண்கள்' என்று எழுதிய இருக்கைகள் எப்போதிருந்தோ இருக்கின்றன. அந்த எழுத்து இல்லாத இருக்கைகள் எல்லாம் ஆண்களுடையவை ஆகிவிட்டதும் நமக்குத் தெரியும். இவ்வளவும் எழுதுகிற நான், இரவு விமானம் என்றால் பெண் பக்கத்தில் இருக்கை கிடைக்குமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். கொள்கைக்காகத் தூக்கத்தை விட எனக்குத் தெம்பில்லை.

எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. 'பர்சனல் ஸ்பேஸ்' என்பதை நான் தமிழில் சொல்ல முயலும்போதெல்லாம் நாக்கு இடறுகிறது. யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று சாதி அளந்து வைத்திருந்த ஊர் இது. ஆதிக்க சாதியில் பிறந்த என் வாயிலிருந்து "தள்ளி உட்காருங்க" என்பது வந்தால், எதிரில் இருப்பவர் காதில் அது எதுவாக விழும்?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போன இரவு விமானம் ஒன்றில் என் பக்கத்தில் கட்டட வேலைக்குப் போகிற ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். ஏறியதிலிருந்து தோளைக் குறுக்கி, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று பணிப்பெண் ஆங்கிலத்தில் கேட்டபோது அவசரமாக வேண்டாம் என்று தலையாட்டினார். நான் அந்த உட்காரும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எங்கோ பார்த்ததுபோல. பிறகு உறைத்தது, தில்லி விமானத்தில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கைப்பிடியில் என் முழங்கை சாவகாசமாகக் கிடந்தது.

"அண்ணே, கையை வச்சுக்கோங்க" என்றேன்.

"பரவால்லங்க மேடம், நீங்க வச்சுக்கங்க."

கையை எடுத்துக்கொண்டேன். அவர் வைக்கவில்லை. சாங்கியில் இறங்கும்வரை அந்தக் கைப்பிடி காலியாகவே இருந்தது.