லூவருக்குப் பட்டியலோடு போகிறவர்கள்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசாவுக்குத் தனி அறை, அதற்குத் தனி நுழைவுச்சீட்டு, கிழக்குப் பக்கம் புதிய வாசல் என்று 2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். பணிகள் 2031க்குள் முடியுமாம். வரவேற்றவர்கள் முன்வைத்த வாதம் எளிமையானது: வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஓர் ஓவியத்துக்காகத்தான் வருகிறார்கள், அவர்களை நேரே அங்கே கொண்டுபோய் விட்டால் எல்லோருக்கும் நிம்மதி. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பல ஆண்டுகளாக லூவருக்குப் போகிறவர்களைக் கெடுத்துவரும் ஒரு பழக்கத்தின் முதிர்ந்த வடிவம் இது. இரண்டு மணி நேரம், பத்துத் தலைசிறந்த படைப்புகள், அவற்றுக்கான குறுக்குவழி என்று போடப்படும் பட்டியலைத்தான் சொல்கிறேன். பயணக் கையேடுகள் அதைத் தந்தன, யூடியூப் காணொளிகள் தந்தன, இப்போது கைபேசியில் கேட்டால் நொடியில் வந்து விழுகிறது. அருங்காட்சியகமே தன் பங்குக்கு ஒன்றை வகுத்துத் தருகிறது.

திட்டமே வேண்டாம், கால்போன போக்கில் நடங்கள் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூன்று பெரும் சிறகுகள், எழுபதாயிரம் சதுர மீட்டருக்கும் மேல் காட்சிக்கூடம், காட்சியில் மட்டும் ஏறத்தாழ 35,000 பொருட்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரம் குறித்து முன்பதிவு செய்யாமல் போனால் கண்ணாடிப் பிரமிடின் முன்னால் பாதி நாள் கழிந்துவிடும். புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது என்ற ஒரு தகவலே பலருக்குப் பெரிய உதவி. சென்னையிலிருந்து ஐரோப்பியச் சுற்றுலாவில் வந்து, பாரிஸில் அரைநாள் மட்டும் கிடைத்தவருக்குப் பட்டியல் ஒரு பிடிமானம். இதெல்லாம் உண்மை.

ஆனால் அந்தப் பிடிமானம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? டெனோன் சிறகில், மோனா லிசா இருக்கும் பெருங்கூடத்தில். 77க்கு 53 சென்டிமீட்டர் பலகை, முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் தடுப்பு, தடுப்புக்கு இப்பால் தலைக்கு மேல் உயர்ந்த கைபேசிகள். எதிர்ச் சுவரில் வெரோனேசேயின் ‘கானாவூர்த் திருமணம்’ இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழு மீட்டர் உயரம், பத்து மீட்டர் அகலம், லூவரிலேயே மிகப் பெரிய ஓவியம் அது. வெனிஸில் ஒரு மடத்தின் உணவுக்கூடச் சுவருக்காக 1563இல் வரைந்து முடித்ததை 1797இல் நெப்போலியனின் படை வெட்டிச் சுருட்டி எடுத்து வந்தது. திருடப்பட்ட பொருளா, மீட்கப்பட்ட கலையா என்று நின்று வாதிடவே ஒரு மணி நேரம் போதாது. அதற்கு முதுகு காட்டித்தான் கூட்டம் நிற்கிறது. அதே அறையில் டிஷியனின் ‘கையுறை அணிந்த மனிதன்’ இருப்பதைக் கவனித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என்னை அதிகம் உறுத்துவது அந்த அறைக்கு வெளியே நடப்பதுதான். பக்கத்து நெடுங்கூடத்தில் லியனார்டோவின் ‘பாறைகளிடையே கன்னி’, ‘புனித அன்னாள்’, ‘யோவான் ஸ்நானகன்’ மூன்றும் தொங்குகின்றன. மோனா லிசாவின் உதட்டோரத்தில் நிழல் எப்படிக் கரைகிறது என்று அறிய ஆசைப்படுகிறவர் யோவானின் முகத்தருகே நிதானமாக நின்று அதைப் பார்க்கலாம். கை ஒன்றுதான், காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டம் அவற்றைத் தாண்டி விரைகிறது. பட்டியலில் ‘மோனா லிசா’ என்றுதான் எழுதியிருந்தது, ‘லியனார்டோ’ என்று எழுதியிருக்கவில்லை. லியனார்டோவைக் காணவென்று கடல் கடந்து வந்தவரை லியனார்டோவைத் தாண்டி ஓடவைக்கிறது இந்தத் திட்டமிடல். இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு எனக்குத் தெரியவில்லை.

பட்டியலோடு வருகிறவர் பார்ப்பதில்லை, சரிபார்க்கிறார். படம் ஏற்கெனவே அவர் மனத்தில் இருக்கிறது. அது அங்கே இருக்கிறதா என்று உறுதிசெய்து, சாட்சிக்கு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போகிறார். கோயிலில் ஒரு நொடி தரிசனத்துக்காக மணிக்கணக்கில் நிற்பதில்லையா, இதுவும் அப்படித்தானே என்று இதை ஆதரித்து ஒரு நண்பர் சொன்னார். ஒப்பீடு பொருந்தவில்லை. வரிசையில் நிற்கும் பக்தர் அந்தத் தெய்வத்தின் கதையைச் சிறுவயது முதல் கேட்டவர், பாடியவர், வேண்டிக்கொண்டவர். அந்த ஒரு நொடி நெடிய உறவொன்றின் உச்சம். இந்த வரிசையில் நிற்பவருக்கு அப்படி எந்த உறவும் இல்லை. அது இனிமேல்தான் தொடங்க வேண்டும். பட்டியல் அதற்குத்தான் நேரம் தர மறுக்கிறது.

புகழ் எப்படி வந்ததென்று பார்த்தால் பட்டியலின் அதிகாரம் இன்னும் ஆட்டம் காண்கிறது. 1911 ஆகஸ்டில் மோனா லிசா திருடுபோனது. உலகமெங்கும் செய்தித்தாள்கள் அந்த முகத்தை அச்சிட்டன. ஓவியம் இருந்த வெற்றிடத்தைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டாண்டு கழித்து ஃபுளோரன்ஸில் அது கிடைத்தபோது, வல்லுநர்கள் போற்றிய ஓவியம் உலகமே அறிந்த முகமாகியிருந்தது. மிலோவின் வீனஸ் சிலையின் கதையிலும் அரசியல் உண்டு. நெப்போலியன் கொண்டுவந்த மெடிச்சி வீனஸை 1815இல் பிரான்ஸ் இத்தாலிக்குத் திருப்பித்தர நேர்ந்தது. 1820இல் கிடைத்த புதிய வீனஸை அந்த இடத்தில் வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டும் பெரும் படைப்புகள், அதில் ஐயமில்லை. ஆனால் பட்டியல் நம்மிடம் ஒப்படைப்பது கலைத் தீர்ப்பை மட்டுமல்ல. பழைய செய்திகளையும் ஓர் அரசின் ஆதங்கத்தையும் சேர்த்தே ஒப்படைக்கிறது.

இழப்பின் அளவை அறிய சல்லி சிறகின் இரண்டாம் மாடிக்கு ஏற வேண்டும். அங்கே ஷார்தான் 1728இல் கலைக்கழகத்துக்குக் காட்டிய ‘திருக்கை’ இருக்கிறது. குடல் தெரியக் கிழிக்கப்பட்ட திருக்கை மீன் ஒன்று சமையலறைக் கொக்கியில் தொங்குகிறது. அதன் அடிப்பக்கத்தில் வாயும் துளைகளும் சேர்ந்து மனித முகம்போல் நம்மைப் பார்க்கின்றன. சிப்பிகளின் மேல் முதுகை வளைத்து நிற்கிறது ஒரு பூனை. கத்தியின் பிடி மேசை விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீள்கிறது. இளம் மத்தீஸ் இதன் முன் அமர்ந்து நகல் எடுத்தார். நம் மீன் சந்தையில் நின்று பழகிய கண்ணுக்கு அந்த வழவழப்பும் இளஞ்சிவப்பும் விளக்கமே இல்லாமல் பிடிபடும். ரிஷ்லியூ பக்கம் அதே மாடியில் வெர்மீரின் ‘சரிகை பின்னும் பெண்’ இருக்கிறாள். உயரம் 24 சென்டிமீட்டர்தான். அவள் விரலிடுக்கில் இருக்கும் நூலைக் குனிந்து பார்க்கலாம், யாரும் நகரச் சொல்லமாட்டார்கள்.

வாழ்நாளில் ஒரே முறை வருகிறவரிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது கொடுமை என்பார்கள். ஒரே முறை வருகிறார் என்பதால்தான் சொல்கிறேன். அந்த ஒரே முறையைப் பிறர் பார்த்துச் சலித்ததை உறுதிசெய்யவா செலவிடுவது? திட்டமிடட்டும், ஆனால் வேறு விதமாக. நெசவு தெரிந்தவர் ஓவியங்களில் துணியின் மடிப்புகளை மட்டும் தேடிப் போகலாம். சட்டம் படித்தவர் ஹமுராபியின் கல்லிலும், எழுத்தே தொழிலாகக் கொண்டவர் எகிப்தின் அமர்ந்த எழுத்தரிடமும் தொடங்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஐந்தாறு பொருட்கள் தாராளம். அருங்காட்சியகமும் தன் பங்குக்கு, ஓவியத்தின் பெயரைக் காட்டும் அம்புக்குறிகளுக்குப் பதில், இந்த அறையில் என்ன கேள்வியோடு நிற்கலாம் என்று சொல்லும் பலகைகளை வைக்கலாம்.

தனி நுழைவுச்சீட்டு இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. இன்று மோனா லிசாவைத் தேடிப் போகிறவர் வழியில் ஒரு யோவானையாவது தற்செயலாகக் கண்டு நிற்க வாய்ப்பிருக்கிறது. நாளை அந்த வழியே அவருக்கு இருக்காது. அவள் இடம் மாறிய பின் பழைய கூடத்தில் வெரோனேசேக்கும் டிஷியனுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும், அது இத்திட்டத்தில் நான் காணும் ஒரே நன்மை. ஆனால் பட்டியல் இப்படியே இருந்தால், ஏறக்குறைய எழுபது சதுர மீட்டர் கல்யாண விருந்தைப் பார்க்க அந்தக் கூடத்துக்குள் யார் வருவார்கள் என்ற கேள்விக்கு மக்ரோனின் அறிவிப்பில் பதில் இல்லை.