நீல விளக்கும் முதல் அரைமணியும்

பல்லுக்கு கிளிப் போடும் நாளில் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் பல்லில் ஒட்டிய கையோடு கம்பியையும் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். பசையைச் சோதிக்கும் ஆய்வுகளோ, பெரும்பாலும் ஒட்டிய பல்லை 37 டிகிரி நீரில் 24 மணி நேரம் போட்டுவைத்த பிறகே பிராக்கெட்டைப் பெயர்த்துப் பார்க்கின்றன. நோயாளிக்கு வேண்டியது முதல் அரைமணியின் வலிமை. ஆய்வு அட்டவணையில் இருப்பது மறுநாளுடையது.

ஒளியால் இறுகும் ரெசின் பசை வருவதற்கு முன், இரண்டு பசைகளைக் கலந்த நொடியிலேயே நேரம் ஓடத் தொடங்கிவிடும். பிராக்கெட் கோணலாக உட்கார்ந்தால் அவசரம்தான். இப்போது நிதானமாக இடம் பார்த்து, பிதுங்கியதை வழித்தெடுத்துவிட்டு விளக்கைப் போடலாம். சுமார் 468 நானோமீட்டர் நீல ஒளியை உறிஞ்சி, ரெசினில் உள்ள கேம்ஃபர்குயினோன் என்னும் பொருள் இறுகும் வினையைத் தொடங்கிவைக்கும். இந்த வசதியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

சிக்கல் பிராக்கெட்டின் உலோகத்தில் இருக்கிறது. ஒளி அதை ஊடுருவாது; விளிம்பில் நுழைந்து எனாமலில் சிதறிப் போய்ச் சேரும் மிச்ச ஒளிதான் நடுவில் உள்ள ரெசினை இறுக்க வேண்டும். விளிம்பைச் சுரண்டிப் பார்த்து ‘கெட்டியாகிவிட்டது’ என்பது அடியில் உள்ளதற்குச் சாட்சியாகாது. முன்கடைவாய்ப் பல்லுக்கு வந்தால் கன்னம் தடுக்கும், விளக்கின் முனை சாயும். போதாக்குறைக்கு முனையில் ஒட்டிக் காய்ந்த பழைய ரெசின் வேறு. விளக்கு அணைந்த பிறகும் வினை தொடர்ந்து வலிமை ஏறும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிந்தைய வரவு அன்று மாலை முறுக்கைக் கடிக்கும் பல்லுக்கு உதவாது.

பிராக்கெட் ஒட்டப் பயன்படும் மற்றொரு பசையான, ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் சிமென்டில் கணக்கு இன்னும் நுட்பமானது. ஈரப்பல்லிலும் பிடிக்கும், ஃபுளோரைடும் விடும். அதற்குள் இரண்டு வினைகள்: அமிலமும் கண்ணாடித் தூளும் மெல்லச் சேர்வது ஒன்று, ஒளியால் ரெசின் உடனே இறுகுவது மற்றொன்று. ஒளி படாவிட்டால் தொடக்கத்தில் சிமென்ட் தளர்ந்தே இருக்கும். சீக்கிரமே ஒளி பட்டால், முந்திக்கொண்ட ரெசின் வலை அமில வினையை மட்டுப்படுத்தும். ஆரம்ப வலிமை இங்கே இனாமாகக் கிடைப்பதில்லை.

ஆய்வாளர் ரெனால்ட்ஸ் 1975இல் போதுமென்று குறித்த 5.9 முதல் 7.8 மெகாபாஸ்கல் வரையிலான ஒட்டுவலிமை அளவு இன்றும் கட்டுரைக்குக் கட்டுரை வருகிறது. ஒட்டி எத்தனை நிமிடத்தில் அது வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. ‘3 நொடி போதும்’ என்னும் அதிசக்தி விளக்குகளின் விளம்பரத்திலும் எனக்கு இதே சந்தேகம்தான்: ஒளியைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் இறுகல் அப்படியே ஈடாகிவிடுவதில்லை. பிராக்கெட்டின் இரு பக்கமும் தனித்தனியே ஒளி காட்டும் மருத்துவரிடம், மலிவான விளக்கே இருந்தாலும், நான் பல்லைக் கொடுப்பேன்.