வீணை ஏந்தாத வாணி

ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் இராஜஸ்தானின் பல்லுவில் கிடைத்த சமணச் சரசுவதி நிற்கிறாள். 12ஆம் நூற்றாண்டு, வெண்பளிங்கு. "தாத்தா, இவங்க கையில வீணையே இல்லியே?" என்றாள் பேத்தி. நியாயமான கேள்விதான். இரவிவர்மா படத்தைப் பூஜையறையில் பார்த்து வளர்ந்த கண்கள் அல்லவா நம்முடையவை! இங்கே வீணை பக்கத்துப் பெண்களிடம் இருக்கிறது. தேவியின் நான்கு கைகளில் தாமரை, அக்கமாலை, கமண்டலம், கயிறு கட்டிய ஏட்டுச்சுவடி.

கடையில் சரக்கைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அறிவைத் தேடிப்போனால் அணிகலன்தான் முன்னே வந்து நிற்கிறது. சிற்பியின் உளி நகையில் மயங்கிவிட்டது என்பதே அடியேன் கருத்து.

மதுரா கங்காளி மேட்டில் கிடைத்து லக்னோ அருங்காட்சியகத்திலுள்ள குஷாணர் காலச் சரசுவதியே எனக்கு உயர்வு. ஆண்டு 54 என்று பீடத்தில் பொறித்திருக்கிறது. கொடுத்தவர் கோவர் என்ற கொல்லர். ராஜா அல்ல, உழைப்பாளி! தலை உடைந்து போயிற்று. இடக்கையில் சுவடி மட்டும் இருக்கிறது, கட்டியபடியே.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள் பேத்தி. வந்தவாசிப் பக்கத்து எங்கள் வீட்டிலும் சுருத பஞ்சமியன்று ஏட்டுக்கட்டுக்குப் பூப்போட்டுக் கும்பிடுவோம். அவிழ்த்து வாசித்தது என் தாத்தாவோடு சரி.