எவருடைய குடல் ‘ஆரோக்கியமானது’? – ஒளி நிறமாலை ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

மனித குடலின் ஆரோக்கியமான இழையத்தை ஒளியின் துணைகொண்டு வரையறுக்க முனையும் ஆய்வுகள் அண்மைத் தசாப்தங்களிற் பெருகியுள்ளன. அவற்றின் கருவித்திறன் பற்றி எமக்கு ஐயமில்லை. ‘ஆரோக்கியமான’ என்னும் அடைமொழியே எம்மைத் தயங்கவைக்கின்றது.

இழையத்துட் புகும் வெண்ணொளி சிதறியும் உறிஞ்சப்பட்டும் எஞ்சியது மீள்கின்றது. மீண்ட ஒளியில் 542, 577 நனோமீற்றர் அளவில் தோன்றும் இரு பள்ளங்கள் ஒட்சிசன் ஏற்ற ஈமோகுளோபினுக்கு உரியன. ஒட்சிசன் நீங்கின் அவை ஒன்றாகிவிடும். 1928இல் கல்கத்தாவிற் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியைக் கொண்டு கண்டறிந்த சிதறல் விளைவோ, இன்று லேசர்க் கதிரின் துணையுடன் இழையத்தின் புரதத்தையும் கொழுப்பையும் இனங்காட்டுகின்றது.

இவ்வாறு அளக்கப்படும் இழையம் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட குடலில், கட்டிக்கு அப்பாலுள்ள பகுதியே ‘ஆரோக்கியமானது’ எனக் கொள்ளப்படுகின்றது. வெட்டியெடுத்த குடலிற் குருதியோட்டம் இல்லை. ஈமோகுளோபின் ஒட்சிசனை இழந்துகொண்டிருக்கும். உயிருள்ள குடலில் அளப்பினும், ஆய்வுமுனை சற்று அழுந்தினாற் குருதி விலகி நிறமாலை மாறிவிடும். இவை திருத்தக்கூடிய குறைகளே. திருத்தற்கு அரியது வேறொன்று. கட்டிக்கு அப்பால், கண்ணுக்கு மாசற்றதாய்த் தோன்றும் சீதமென்சவ்விலும் குருதியளவு மிகுந்திருத்தலை ஒளியியல் ஆய்வாளர்களே காட்டியுள்ளனர். தனது அளவுகோல் கோணலென்பதற்கு இத்துறையே சான்று தந்துள்ளது. எனினும் அதே அளவுகோலைப் பலர் இன்னும் கைவிட்டாரில்லை.

இவ்விடத்துச் சமூகவியல் நோக்கும் வேண்டற்பாலது. தூய நீரும் மலசலகூட வசதியுமற்ற வெப்பவலய நாடுகளில், நோய்க்குறி எதுவுமின்றி வாழ்வோரது சிறுகுடலிலும் சடைமுளைகள் குறுகியிருத்தல் நெடுங்காலமாக அறியப்பட்டதொன்று. இதனை இனத்தின் இயல்பென்று கூறுவார்க்கு விடையும் உண்டு. 1960களில் அன்றைய பாகிஸ்தானிற் பணியாற்றிய அமெரிக்கத் தொண்டர்களின் குடலிலும் இத்தகைய மாற்றம் காணப்பட்டது. நாடு திரும்பிய பின்னர் அது படிப்படியாக மறைந்தது. ஆகவே மாற்றத்திற்குக் காரணம் குருதிவழியன்று, வாழ்நிலையே. அப்படியாயின் வசதிபடைத்த நாட்டு மருத்துவமனையொன்றிற் பெற்ற நிறமாலையை மனிதகுலம் முழுமைக்குமான இயல்நிலையென நாட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? மறுதலையாக, வறுமை குறுக்கிய குடலை ‘எம்மவர்க்கு இயல்பு’ எனப் பதிந்துவிடின் வறுமையே இயல்பாகிவிடும். இவ்விரண்டாவது தவறே கொடியதென்பது எமது கருத்து.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஒருவரது குடலிற் பெற்ற ஐம்பது நிறமாலைகள் ஐம்பது மனிதரைக் குறிப்பனவல்ல. சில கட்டுரைகள் இவ்வேறுபாட்டை மறந்து முடிவுரைக்கின்றன. இழையம் கட்டியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் தொலைவில் எடுக்கப்பட்டது, வெட்டியபின் எத்தனை நிமிடங் கழித்து அளக்கப்பட்டது, எத்தனை பேரிடமிருந்து பெறப்பட்டது, அவர்கள் எத்தகைய வாழ்நிலையினர் என்னும் விபரங்களை நிறமாலை வரைபுக்கு அருகிலேயே தருதல் ஆய்வாளர்க்கு இயலாததன்று.