ஆடுபவர் யார், பார்ப்பவர் யார்

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் விழிப்புணர்வு நாடகங்கள் மளமளவென்று பெருகின. நாட்டு நலப்பணித் திட்டக் குழு ஒன்றில் நானும் இருந்தேன். பறையடித்தேன், வசனம் எழுதினேன், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடினேன். குழந்தைத் திருமணம், பிளாஸ்டிக், தலைக்கவசம் என்று அதற்கு முன்னும் பின்னும் ஆடிய நாடகங்களும் உண்டு, பள்ளிச் சுவர்களில் தீட்டிய படங்களும் உண்டு. மாணவர்கள் செய்யும் இந்தச் சமூக அக்கறைக் கலையைப் பற்றி எனக்கு இன்று ஒரு தீர்மானமான கருத்து இருக்கிறது. இது பார்ப்பவர்களை மாற்றுவதைவிட ஆடுபவர்களையே அதிகம் மாற்றுகிறது. ஆகவே யாருக்கு முன்னால் ஆடுகிறோம் என்பதைவிட, யாரை ஆடவிடுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

கள்ளச்சாராய நாடகத்தின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊர் நடுவில் பறை முழங்கும். ஆட்கள் கூடியதும் வட்டம் கட்டுவோம். ஒருவன் தள்ளாடியபடி வருவான், மனைவி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுவாள், பிள்ளை படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும், அவன் வாயில் நுரை தள்ளி விழுவான். எல்லோரும் சேர்ந்து எதுகை மோனையோடு முழக்கம் போடுவோம், உறுதிமொழி எடுப்போம், பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கடலோர ஊர் ஒன்றில் இப்படி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தெரியாமலா குடிக்கிறானுங்க? விக்கிறவன் வூட்டாண்ட போய் ஆடுங்களேன் கண்ணு." அவர் கோபமாகச் சொல்லவில்லை, யோசனையாகத்தான் சொன்னார்.

எங்கள் நாடகத்தின் மிகப் பெரிய குறை அந்த யோசனைக்குள் இருக்கிறது. எக்கியார்குப்பத்தில் உயிர்களைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள் அது. ஒரு மீனவக் குப்பத்துக்கு அது வந்து சேர வேண்டுமானால் வாங்குபவர், ஏற்றி வருபவர், கலப்பவர், கண்டும் காணாமல் விடுபவர் என்று வரிசையாக ஆட்கள் வேண்டும். இவர்களில் ஒருவருக்கும் எங்கள் நாடகத்தில் வேடம் கிடையாது. குடித்தவனுக்கு மட்டுமே வேடம். செத்தவனைக் குற்றவாளியாக்கி, செத்தவன் ஊரிலேயே அதை ஆடிக் காட்டினோம். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. விழிப்புணர்வு குறைந்ததால் அது நடந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

குறை மாணவர்களின் திறமையில் இல்லை, நாடகம் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. இந்த நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் கல்லூரிகள் ஏதாவது ஓர் அரசுத் துறையோடு சேர்ந்து நடத்துகின்றன. சிறப்பு விருந்தினராக அதிகாரி ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. எங்கள் எழுத்துப் பிரதியில் அந்தச் சொல் ஓரிடத்தில் வந்தது. பொறுப்பாசிரியர் அதை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் பாராட்டினார். "கள்ள" என்ற முன்னொட்டு இருக்கும் சாராயத்தைத்தான் திட்டலாம் என்பது எங்களுக்குப் புரிந்தது. யாரையும் சங்கடப்படுத்தாத சமூகக் கலை அப்படித்தான் உருவாகிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகும் இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் பறை.

ஆடப் போகும் முன் தோலைக் காய்ச்ச வேண்டும். வைக்கோலையோ பழைய தாள்களையோ கொளுத்தி, நெருப்புக்கு மேல் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, அவ்வப்போது விரலால் தட்டி ஒலி ஏறுகிறதா என்று கேட்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் தோல் கிழியும், குறைந்தால் சத்தம் அமுங்கிப்போகும். எங்கள் குழுவில் இதைச் சொல்லிக்கொடுத்தவன் காலனிப் பையன். சாவு வீட்டில் அடிக்கப் போவதை வெளியில் சொல்லாமல் மறைத்துவந்தவன். கற்றுக்கொண்டவர்களில் ஊர்த்தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் பறை அடிக்கும் படம் வாட்ஸ்அப்பில் வீடுவரை போய்விட்டது. ஒரு வாரம் அவள் கல்லூரிக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று நேராக வந்து குச்சியைத்தான் கேட்டாள். எந்த ஊரிலும் எங்கள் முழக்கத்தைக் கேட்டு ஒருவர் குடியை விட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அவள் வீட்டில் நடந்த சண்டை, நாங்கள் போட்ட எல்லா நாடகங்களையும்விடப் பெரிய நாடகம். மறைத்துவந்த தொழிலை அந்தப் பையன் பாடமாகச் சொல்லிக்கொடுக்க நேர்ந்ததும் அப்படித்தான்.

சுவர் ஓவியத்தில் இந்த நன்மை குறைவு. அவரவர் தூரிகையோடு அவரவர் கட்டத்துக்குள் நின்றுவிடலாம், ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தேவையில்லை. மரம், பூமிப்பந்து, கைகோத்த குழந்தைகள், சிரிக்கும் பெண் குழந்தை என்று எங்கள் படங்களை எந்த ஊர்ச் சுவரில் வேண்டுமானாலும் ஒட்டலாம். அந்த ஊரின் கதை அவற்றில் இருக்காது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதே ஊரில் சமூக நல்லிணக்கம் என்ற தலைப்பில் சுவர் தீட்டிய எங்களில் பாதிப்பேருக்கு அந்தச் செய்தியே தெரியாது, தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை.

இந்த மண்ணில் சமூகத்தைப் பற்றிப் பேசும் கலை மாணவர்களோடு தொடங்கியதல்ல. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையம். மேலச்சேரி கோயிலை மூலக்கோயிலாகச் சொல்வார்கள். பாரதம் நடக்கும் ஊர்களில் பகலெல்லாம் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. கடைசிநாள் படுகளத்தில் மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்திய துரியோதனன் உருவம் ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு இருக்கும். கூத்தைப் பார்க்க யாரையும் பிடித்து உட்காரவைக்க வேண்டியதில்லை. பாயும் போர்வையுமாக வந்து விடியும்வரை உட்காருவார்கள்.

கூத்தில் எங்களுக்குப் பாடமாக இருந்திருக்க வேண்டியவன் கட்டியக்காரன். ராஜாவை அறிமுகப்படுத்துகிறவனும் அவன்தான், நக்கலடிக்கிறவனும் அவன்தான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே நூறு நாள் வேலைக் கூலி பாக்கியைப் பற்றிப் பேசுவான், ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசுவான், முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரைப் பேர் சொல்லாமல் இழுப்பான். கூட்டம் சிரிக்கும், பெரியவரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். பிரதி எழுதி ஒப்புதல் வாங்காததால்தான் அவனால் அது முடிகிறது. எங்கள் நாடகத்தில் எல்லோரும் ஒரே குரலில் ஒரே நியாயத்தைப் பேசினோம். கூத்திலோ துரியோதனனுக்கும் பேச நியாயம் இருக்கும், சாகும்போது அவனுக்காக அழுகிறவர்களும் இருப்பார்கள்.

ஆனால் கூத்தைத் தலைமேல் தூக்கிவைக்க முடியாத காரணமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. விழுப்புரம் அருகே மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே நுழைந்த தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசைக்காகத் திறந்தார்கள். தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போனது 2025இல். சபையில் ஒருத்தியை அவமானப்படுத்தியதைக் கண்டு இரவெல்லாம் பொருமும் ஊர், பக்கத்துத் தெருக்காரரை வாசலிலேயே நிறுத்துகிறது. கட்டியக்காரன் யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம், ஆனால் அந்த வாசலைப் பற்றிப் பேசினால் அடுத்த ஆண்டு அவன் குழுவுக்கு வெற்றிலைபாக்கு வைப்பார்களா? கூத்தின் சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைப் போடுவது ஊர்.

இனி, நாங்கள் பார்த்த கலையைப் பற்றி. இருளர் பழங்குடியினர் மீதான காவல்துறை வன்முறையைப் பேசும் 'ஜெய் பீம்' படம் 2021 நவம்பரில் வந்தபோது எங்களில் பெரும்பாலோர் அதைக் கைபேசியில்தான் பார்த்தோம். திண்டிவனத்துக்காரர்களுக்கு அந்தப் படம் தொலைவில் இல்லை. பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் 1990களிலிருந்து காவல்துறை வன்முறைக்கும் பொய் வழக்குகளுக்கும் எதிராகப் போராடிவருவது இந்த ஊரை மையமாகக்கொண்டுதான். படம் அந்த மக்களின் பேரை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. தயாரிப்பு நிறுவனம் இருளர் கல்விக்காக ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா போன்ற பல்லாண்டுக் கோரிக்கைகள் திடீரென்று செய்தியாயின. ஒரு கலைப்படைப்பால் இவ்வளவு நடந்தால் அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம்.

இருந்தாலும் ஒரு நெருடல் எனக்கு இன்னும் தீரவில்லை. படத்துக்கு அடிப்படையான 1993 வழக்கில், போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக்கியது. இருளர்களின் துயரமும் உண்மை, குறவர்களின் துயரமும் உண்மை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கலாம் என்ற நினைப்பு, அவர்களைத் தனித்தனி மனிதர்களாகப் பார்க்காமல் அடிபடும் உடம்புகளாக மட்டும் பார்க்கும்போதுதான் வருகிறது. எங்கள் விடுதியில் ஓர் இருளர் மாணவன் இருந்தான். படத்தைப் பற்றி எல்லோரும் அவனிடம்தான் கேட்டார்கள். லாக்கப் காட்சிகள் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டதாகச் சொன்னான். எலி பிடிக்கும் காட்சி பிடித்திருந்ததாம். "அதுல நாங்க சிரிச்சிக்கிட்டு இருக்கோம்ணா" என்றான். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமரிசனமும் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசவில்லை.

திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழாவில் கேமராவோடு நிற்பவர்களுக்கும், மனிதர்களைத் துயரமாக மட்டுமே பார்க்கும் இதே நோய் உண்டு. இன்று அந்த ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும், சித்திரைத் திருவிழாவின்போது விழுப்புரம் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. மிஸ் கூவாகம் போட்டியும் கலைநிகழ்ச்சிகளும் நகரத்தில் நடக்கின்றன. காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரே படம்தான். திருநங்கைகள் கணவனாக வரித்த அரவான் களப்பலியானதும், தாலி அறுத்து வளையல் உடைத்து அழும் முகம். ஒப்பாரி வைக்கும் ஒரு திருநங்கையைச் சுற்றி லென்ஸ்கள் வட்டம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு "போதும்பா" என்றார். அந்தக் கும்பிட்ட கையையும் படம் எடுத்தார்கள். கண்ணுக்கே படாமல் ஒதுக்கிவைத்த மக்களை இந்தப் படங்கள் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டில் ஒருநாள் அழுகிறவர்களாக மட்டுமே அவர்களை நிறுத்திவிட்டால், மீதி நாட்களில் வாடகைக்கு வீடு தேடி அலையும் திருநங்கை யார் கண்ணில் படுவார்?

திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதியின் தன்வரலாறான 'வெள்ளை மொழி' இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. தன் வாழ்க்கையைத் தானே எழுதியவர், பிறகு அ. மங்கையின் இயக்கத்தில் தானே மேடையேறி நடித்தார். அங்கே அழுகை இல்லாமல் இல்லை. எப்போது அழுவது, எப்போது சிரிப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர் முடிவுசெய்கிறார். பார்க்கிறவருக்கு அதனால் வசதி குறைகிறது. இரக்கப்பட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது.

இதிலிருந்து கல்லூரிக் கலைக்கு எடுத்துக்கொள்ளக் கூடியது நிறைய. பிரேசிலின் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் நாடகத்தைப் பாதியில் நிறுத்தி, பார்ப்பவரை உள்ளே வந்து நடிக்கச் சொன்னார். வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னை சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை தமிழ் வீதிநாடகத்துக்கு உரம் போட்டது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாள். இப்போது முதல்நாளே எழுதி முடித்த நாடகத்தோடு ஊருக்குள் போகிறோம். அதை விட்டுவிட்டு முதல் நான்கு நாட்கள் பிரதியே இல்லாமல் ஊராரின் பேச்சைக் கேட்கலாம். அந்தப் பெரியம்மாவை வட்டத்துக்குள் கூப்பிட்டு, விற்கிறவனாக அவரையே நடிக்கச் சொல்லலாம். அவருக்கு அவனுடைய பேச்சும் நடையும் எங்களைவிட நன்றாகத் தெரியும். ஊர்க்காரர்கள் நடிக்க, மாணவர்கள் பறையடித்தால் போதும்.

இப்படிப் பிறக்கும் நாடகத்துக்கு முன்கூட்டியே எழுத்துப் பிரதி இருக்காது, ஒப்புதல் கையெழுத்தும் இருக்காது. டாஸ்மாக் என்ற சொல் அதில் வரும். காவல் நிலையமும் வரும், கோயில் வாசலும் வரும். நிகழ்ச்சியை நடத்தும் துறைகளுக்கு அது பிடிக்காது. கல்லூரி முதல்வருக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். அந்த அழைப்புகளை எடுத்து, "ஆமாம், எங்கள் பிள்ளைகள்தான், ஆடட்டும்" என்று சொல்லும் ஆசிரியர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் ஓரிருவராவது வேண்டும். அப்படிப்பட்டவர் இருந்தால் அடுத்த முகாமில் எனக்குப் பின் வந்த மாணவர்கள் அந்தப் பெரியம்மாவின் ஊருக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் விருப்பம்.