ஏடும் கல்லும்

பழைய நூலைப் பதிப்பிப்பவர்க்கும் பழைய கோயிலைப் புதுப்பிக்கும் கல்தச்சர்க்கும் ஓர் இடர் பொதுவாக உண்டு: அழிந்துபோன இடத்தை என்செய்வது? டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது, சிதைந்த அடிகளைத் தம் சொற்களால் நிரப்பினாரல்லர், இடம்விட்டே அச்சிட்டார். 267, 268ஆம் பாடல்கள் இன்றளவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றைப் புனைந்து சேர்க்கும் புலமை ஐயரவர்களுக்கு இல்லாமலா போயிற்று? அந்த வெற்றிடமே எஞ்சிய பாடல்களின் மெய்ம்மைக்குச் சான்று.

கல்தச்சர்க்கு இவ்வுரிமை எப்போதும் வாய்ப்பதில்லை. பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயத்தில் வாய்பிளந்த விலங்குருவத் தூம்புகள் பல உள. அவை வெறும் அலங்காரமல்ல. முதுகில் வெட்டிய வாய்க்கால் வழியே கூரைநீரை வாங்கி, சுவருக்கு அப்பால் உமிழ்வன. ஒன்று உடைந்தால் மழைநீர் சுவரில் வழிந்து சுண்ணச்சாந்தை அரித்துவிடும். ஆண்டுப் புள்ளியிட்டு இடம்விட இயலுமா? புதிய தூம்பு செதுக்கியே ஆகவேண்டும். நம் மலாக்காக் குன்றின்மேல் புனித பவுல் ஆலயம் கூரையின்றியே நிற்கலாம். அது வழிபாடு ஒழிந்த இடம்.

ஆயினும் தேவை வேறு, ஆசை வேறு. அப்பேராலயத்தை 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த வியோலே லெ துயுக், கோபுர மாடத்தில் விந்தை உருவங்கள் சிலவற்றைப் புதிதாக அமைத்தார். அவற்றுக்கு நீர் வடிக்கும் வேலை இல்லை. காண்போர் பலர் அவற்றை இடைக்காலத்தன என்றே நம்புகின்றனர். இதனை நாம் இடைச்செருகல் என்போம். அவை அழகியவை என்பதை மறுக்கவில்லை. இடைச்செருகலிலும் நல்ல கவிதை உண்டன்றோ!

நம் கோயில்களில் மழைநீரைச் சுவரினின்று விலக்கும் பணியைக் கொடுங்கை செய்கிறது. ஆவுடையார்கோயில் கொடுங்கையோ, கல்லை மரச்சட்டமும் குமிழாணியுமாக மாற்றிக் காட்டுவது. கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும் தபதியர் அதனை நீக்கியே எழுதுவர் என்றொரு வழக்கும் உண்டு.

இத்தகைய நுட்பத்துக்கு வந்த கேடு சேர்த்தலால் அன்று, நீக்கலால். திருப்பணியின்போது அழுக்கைப் போக்க மணலை விசையுடன் வீசியடிக்கும் முறை தமிழகக் கோயில்கள் பலவற்றில் கையாளப்பட்டது. அழுக்கோடு கல்லின் மேற்றோலும் உளித்தடமும் கல்வெட்டெழுத்தும் தேய்ந்தன. பாடம் திருத்துவதாகச் சொல்லி ஏட்டையே சுரண்டும் செயல் இது. நம் தோட்டத்துக் கோயில்களின் சுதைச் சிற்பங்கள் குடமுழுக்குதோறும் புதுவண்ணம் பெறுவன, பெறுதலே முறை. அவ்வண்ணத்தில் பழகிய கண், கருங்கல்லும் வெளுத்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பதுதான் தொல்லை.

தமிழகம் செல்லும் மாணவர்கள், மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கல்வெட்டுச் சுவரருகே நின்று நோக்குக. உளி விட்ட விளிம்பு கூராக இருப்பின் அக்கல் தப்பியது. மழுங்கிச் சொரசொரப்பாக இருப்பின், அதன்மேல் மணல் வீசப்பட்டதா என்று கேட்டறிக.